எனக்கு எடுத்த கோடிச்சேலை

நான் உயிரோடு இருக்கும்போதே எனக்குக் கோடி எடுத்தார்கள். எடுத்தது எதிரி இல்லை, கூடப்பிறந்த தம்பி. எடுக்கச் சொன்னது எங்களை வளர்த்த பெரியம்மா.

கோடி என்றால் என்னவென்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். இருந்தாலும் டவுனில் வளர்ந்த பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். கோடி வரத் தாமதமானால் பிறந்த வீட்டுக்குக் கேவலம். ஊரே வாசலில் உட்கார்ந்து பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கேவலம் வந்துவிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ரத்தம் பரிசோதித்துவிட்டு வருகிறேன். திண்டுக்கல்லில் யாருக்காவது எனக்கு வந்த அதே வியாதி என்று தெரிந்தால், "அந்த டீச்சருக்கு வந்து நல்லாயிருச்சு" என்று என்னைக் கை காட்டிவிடுகிறார்கள். அந்த வீட்டு ஆட்கள் வந்து முதலில் கேட்பது, பிழைத்துவிடுவார்களா என்று. அதற்கு டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்பேன். இரண்டாவதாக, கொஞ்சம் தயங்கி, சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்பார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகள் முடிந்த சமயம் அது. திண்டுக்கல்லில் ஓர் உதவி பெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ராசேந்திரனுக்குத் தாடிக்கொம்புப் பக்கம் நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. ஒரே மகள் கவிதா, இரண்டாம் வகுப்பு. பிறந்த ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கத்தில். அப்பா அம்மா இல்லை. தம்பி முருகேசன் மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் அக்காதான் அந்த வீட்டுக்குப் பெரிய தலை. அவர் சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது.

ஆடி மாதம் காற்றோடு காற்றாக எனக்கு உடம்பெல்லாம் நீலம் பாரித்தது. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. கரும்பலகையை அழித்தால் மூச்சு வாங்கியது. பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். பக்கத்துத் தெரு டாக்டர் என் கையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் இரும்புச்சத்து டானிக் எழுதினார். டீச்சர் வேலை, வீட்டு வேலை, அலைச்சல் என்றார். பொம்பளைகளுக்கு எது வந்தாலும் அலைச்சல்தான் காரணம். ஈறில் ரத்தம் வருவதால் பல் டாக்டரிடம் போனேன். ஆடுகிற பல் ஒன்று இருக்கிறது, அதுதான் வில்லங்கம் என்று பிடுங்கிவிட்டார். பிடுங்கின இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சை வைத்துக் கடித்தேன், துண்டை வைத்துக் கடித்தேன். மறுநாள் காலையிலும் வந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருந்த லேபில் ரத்தம் எடுத்தார்கள். அந்த ஆள் என் ரத்தத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, வெளியே வந்து என் வீட்டுக்காரரைத் தோளில் தொட்டுத் தள்ளிக்கொண்டு போனார். உடனே மதுரைக்குப் போங்கள், பஸ்ஸில் வேண்டாம், குலுங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மில்லில் கேட்டு ஜீப் வாங்கிவந்தார் இவர். வழியெல்லாம் என்னிடம் சொன்னது, ரத்தம் கம்மியாக இருக்கிறதாம், இரண்டு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்று.

மதுரை ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு வராந்தாவில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. தண்ணீர் வாங்கிவரச் சொன்னேன், நகரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதின போர்டு இருந்தது. அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் போர்டு அவரைவிட அகலம். "புற்று" ஒரு தோளுக்கு அந்தப் பக்கம், "பிரிவு" ஒரு தோளுக்கு இந்தப் பக்கம். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். நடுவில் இருப்பது என்னவென்று தெரியாதா எனக்கு?

இடுப்புக்குப் பின்னால் எலும்பில் தடித்த ஊசியை இறக்கி உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். ரத்தம் ஊறுகிற இடம் அதுதான். மரத்துப்போக முதலில் ஓர் ஊசி போடுவார்கள். தோல் மரத்துவிடும். உறிஞ்சுகிற அந்த ஒரு நொடி மட்டும் மரக்காது. காலிலிருந்து உயிரை நூலாக உருவுகிற மாதிரி இருந்தது. கத்தினேன். கத்தினால் தப்பில்லை, இனி யாருக்காவது இந்தச் சோதனை என்றால் கத்திவிடுங்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா என் வீட்டுக்காரரையும், சேதி தெரிந்து ஊரிலிருந்து வந்திருந்த முருகேசனையும் வெளியே கூப்பிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையில் ஏறிக்கொண்டிருந்த ரத்த ஊசியைப் பிடுங்கிவிடுவேன் என்று நர்ஸிடம் சொன்னேன். வியாதி எனக்கு, விவரம் இவர்களுக்கா? நர்ஸ் போய்ச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் உட்கார்ந்து பேசின முதல் ஆள் அவர்தான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மஜ்ஜையில் பிறக்கிற வெள்ளணு வளர்ந்து முற்றி, தன் வேலையைச் செய்துவிட்டு, சாக வேண்டும். என் உடம்பில் அது வளராமல் அரும்பாகவே நின்றுகொண்டு, அரும்புக்குமேல் அரும்பாகப் பெருகி இடத்தை அடைத்துவிட்டது. அதனால் மற்ற அணுக்களுக்கு இடமில்லை. முக்கியமாகத் தட்டணுக்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் ஓடிப்போய் ரத்தத்தை உறைய வைப்பவை அவைதான். அவை இல்லாததால்தான் நீலம், அதனால்தான் பல்லில் நிற்காத ரத்தம். இந்த வியாதியில் பல வகை உண்டு. எனக்கு வந்த வகைக்கு ஒரு மாத்திரை வந்திருக்கிறது. வைட்டமின் ஏ-வுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அது அந்த அரும்புகளை வளர்ந்து முடிக்கச் செய்துவிடும். கூடவே வேறு மருந்தும் ஏற்றுவார்கள். முதல் சில வாரங்களில் மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைத் தாண்டிவிட்டால், ரத்தப் புற்றுநோயிலேயே நல்லபடியாகக் குணமாகிற வகை இது.

"அந்த மொத வாரங்கள்தான் கண்டம். அதைத் தாண்ட எனக்கு மருந்தைவிட ஆளுங்க வேணும், டீச்சர். ரத்தம் குடுக்க ஆளுங்க," என்றார்.

குணமாகும் என்ற சொல்லை நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டார். முருகேசனும் பக்கத்தில்தான் நின்றான். அவன் காதில் விழுந்தது ரத்தப் புற்றுநோய் மட்டும்தான். அவனைக் குறை சொல்லி என்ன? நம் ஊரில் அந்த வியாதியை எல்லாரும் சினிமாவில்தான் படித்திருக்கிறார்கள். இடைவேளைக்கு அப்புறம் கதாநாயகி இருமுவாள், கைக்குட்டையில் சிவப்பாக ஒரு திட்டு, ஒரு சோகப்பாட்டு, சுபம். பிழைத்து வந்து சம்பளம் வாங்கி மகளுக்கு ஷூ வாங்கின கதாநாயகி ஒருத்தியைக்கூட எவனும் எடுத்ததில்லை. முருகேசன் அன்றைக்கே ஊருக்குப் போய்ச் சொன்னது, அக்கா முடிஞ்சிருச்சு, ஆனா இன்னும் பேசுது என்கிற மாதிரி ஏதோ ஒன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பூ ஏற்றிப்போகிற வேன்தான். பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் என் கல்யாணத்துக்குக்கூட வராதவர்கள். கிணற்றுத் தகராறில் எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவும் வந்திருந்தார். பகையாளிச் சொந்தம் நல்லதுக்கு வராது, கெட்டதுக்குத் தவறாமல் வரும். இவர் வந்திருக்கிறார் என்றால் என்னைச் செத்தவர்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஹார்லிக்ஸ், பன்ரொட்டி, சாத்துக்குடி, திராட்சை என்று கட்டிலுக்கு அடியில் குவிந்தது. எதையும் நான் சாப்பிடக் கூடாது, நன்றாக வேகவைத்த பண்டம் மட்டும்தான். கொடுத்துவிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்கள். எனக்கோ கிருமியை எதிர்க்கிற சக்தி சுத்தமாக இல்லை. ஓர் அத்தை தும்மிவிட்டு அந்தக் கையாலேயே என் கன்னத்தை வழித்தார். ஒருவர் தன் சம்பந்திக்கும் இதே வியாதிதான் என்று ஆரம்பித்து, எந்தக் கிழமையில் செத்தார் என்பதுவரை சொல்லிவிட்டுப் போனார்.

படுத்திருப்பவளுக்குக் காது கேட்காது என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பெரியம்மா கதவோரத்தில் நின்று என் வீட்டுக்காரரிடம் பேசியதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். முருகேசனுக்கு வத்தலக்குண்டில் பெண் பார்த்துத் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

"தை வரைக்கும் தாங்குமான்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க மாப்ள," என்றார் பெரியம்மா. "நடுவுல ஒண்ணு ஆயிருச்சுன்னா ஒரு வருசத்துக்கு வீட்டுல நல்ல காரியம் வைக்க முடியாது. தாங்காதுன்னா இந்த ஆவணியிலயே முடிச்சிருவோம்."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. எங்கள் வீட்டில் அதற்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டும். அன்றைக்கு எனக்கு வாயெல்லாம் ரத்தக் கட்டி, நாக்கைப் புரட்ட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ரத்த வங்கியிலிருந்து ஆள் வந்தார். தட்டணு ஏற்ற வேண்டும், உறவுக்காரர்கள் இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே, இறங்கி வாருங்கள் என்று கூப்பிட்டார். தட்டணுவைச் சேர்த்துவைக்க முடியாது, நாலைந்து நாளில் கெட்டுப்போகும். ஒருத்தர் கொடுக்கிற ரத்தத்தில் பிரித்தெடுப்பது கொஞ்சூண்டு. அதனால் கொடுக்கக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வந்த அன்றைக்கே கொடுத்துவிட்டார், மறுபடி உடனே எடுக்க மாட்டார்கள். மில்லிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் கொடுத்திருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கிற அமலி டீச்சர் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து கை நீட்டினார். அவருக்கே ரத்தம் பற்றாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா வெளியே நின்று அழுதாராம்.

இனி வேனில் வந்தவர்களைச் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு நேற்று வரை காய்ச்சல். ஒருவர் மலைக்கு மாலை போடப்போகிறார், மாலைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஒருவர் டீ குடிக்கப் போனவர், வேன் ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பி வந்தார். ஊரில் ஒரு வயலுக்கு நாற்று நட ஒரே நாளில் திரளக்கூடிய கூட்டம் அது. முருகேசன் போகத்தான் எழுந்தான். பெரியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கல்யாணம் ஆகப்போகிற பயல், ரத்தத்தைக் கொடுத்தால் பலம் போய்விடும், பிறகு பிள்ளை தங்காது என்றார். அவனும் உட்கார்ந்துவிட்டான். வேன் போன பிறகு கட்டிலுக்கடியில் எட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. டாக்டரம்மா வந்து கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூளையில் கசிகிறதா என்றுதான் அந்தக் கேள்வி. எனக்குக் கவிதா நினைப்பாகவே இருந்தது. அவளை அமலி டீச்சர் வீட்டில் விட்டிருந்தோம். அம்மா ட்ரெய்னிங் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அப்படியே போய்விட்டால் கடைசிவரை ட்ரெய்னிங் போய்த் திரும்பாத அம்மாவாகத்தான் அவளுக்கு நான் இருப்பேன். அதை நினைக்க நினைக்க அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்று மத்தியானம் முருகேசன் வந்தான். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் போய் எனக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன். பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். என் சேலையெல்லாம் ரத்தமாக இருந்தது. அமலி டீச்சர் அன்றைக்கும் வந்திருந்தார். சேலை மாற்றிவிடலாம் என்று அந்தப் பையில் கையை விட்டவர், ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் காட்டினார்.

"பாத்தியா சாந்தி, தம்பி உனக்குப் புதுச்சேலை எடுத்துட்டு வந்துருக்கு. இதையே கட்டிவிடட்டுமா?"

அரக்கு நிறத்தில் புள்ளி போட்ட சுங்குடி. பச்சைக் கரை. கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் புதுத்துணி கொடுத்தால் முனையில் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள். கூடப் பூவும் பழமும் வைப்பார்கள். நான்கு முனையையும் பார்த்தேன். எதிலும் மஞ்சள் இல்லை. முருகேசனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. பாவம், அமலி டீச்சர் மட்டும் அந்தச் சேலையை என் தோளில் வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரைக்கும் பேச முடியாமல் கிடந்த எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"ஏலே, இது கோடியா?" என்று கேட்டேன்.

நான் மறுபடியும் கேட்டேன்.

"பெரியம்மாதான் சொன்னாக," என்றான். "திடீர்னு ஒண்ணு ஆயிருச்சுன்னா அலையக் கூடாதுன்னு. மதுரையில வெல கூடக் கேப்பான்னு... சின்னாளப்பட்டி பஸ் வர்ற வழியிலதானக்கா."

வழியில்தானாம். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி, வழியில் இறங்கி எனக்குக் கோடி வாங்கியிருக்கிறான். நான் அந்தச் சேலையை விரலால் தடவிப் பார்த்தேன். சின்னாளப்பட்டிச் சேலை கட்டி வளர்ந்தவள் நான். நல்ல சுங்குடிக்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசம் இருட்டில்கூட எனக்குத் தெரியும். நூல் மட்டம், சாயம் மட்டம். முதல் தண்ணீரிலேயே ஓடிவிடும். துவைக்கப்போகிற சேலையா என்ன? எரியப்போகிற சேலைக்கு எதற்கு உசத்தி என்று கடையில் நின்று யோசித்திருக்கிறார்கள். எனக்குக் கோடி எடுத்ததுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. மட்டமான கோடி எடுத்தார்களே என்று நெஞ்சு எரிந்தது. சிரிப்பாகத்தான் இருக்கும் உங்களுக்கு. அந்தக் கட்டிலில் கிடந்து பாருங்கள், தெரியும்.

"கோடி எடுக்கப் பயம் இல்ல, ரத்தம் குடுக்கப் பயமாலே உனக்கு?" என்றேன். "நான் இன்னும் சாகல. எனக்கு இப்ப சேல வேணாம். ரத்தம்தான் வேணும். குடுக்க முடியும்னா கீழ போ. முடியாதுன்னா அந்தச் சேலையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிரு, பிறந்த வீடுன்னு யாரும் இங்க வரவேணாம்."

பேசி முடிப்பதற்குள் மூக்கிலிருந்து கொடகொடவென்று கொட்டியது. அமலி டீச்சர் கையிலிருந்த துணியால், அந்தச் சேலையாலேயே, மூக்கை அழுத்திப் பிடித்துவிட்டார். முருகேசன் அதைப் பார்த்தான். எழுந்து போனான். ரத்த வங்கிக்குப் போகிற படி எது என்று நர்ஸிடம் அவன் அழுதுகொண்டே கேட்டது எனக்குக் கேட்டது.

திரும்பி வந்தபோது முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் அவர்கள் கொடுத்த பிஸ்கட் பாக்கெட். அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தோடு விடவில்லை, அன்று சாயங்காலமே நிலக்கோட்டைக்குப் போய்ப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வேன் டிரைவர்கள் என்று தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து மறுநாள் கூட்டிவந்தான். கிணற்றுத் தகராறுச் சித்தப்பாவையும் கூட்டிவந்தான். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்லிக் கூப்பிட்டானோ தெரியவில்லை. அந்த மனிதர் என் அறைக்கு வரவே இல்லை. கீழே கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு ஏறிய பைகளில் எது தம்பியுடையது, எது யாருடையது என்று தெரியாது. மஞ்சளாக, கலங்கின பதநீர் மாதிரி இருக்கும். அக்காவுக்குத் தம்பி ரத்தம் ஓடுகிறது என்று வசனம் பேச வழியில்லை. அந்த வாரம் கண்டம் தாண்டியது, அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாருக்கும் வருகிறவைதான். சிவப்பு மருந்து ஏற்றினார்கள், ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். ஒன்றுக்குப் போனால் அதுவும் சிவப்பாக வரும், பயப்படாதீர்கள், மருந்துதான். வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால் முள் இறங்கும். காய்ச்சல் வந்தால் நடுக்கத்தில் கட்டில் ஆடும். அமலி டீச்சர் கஞ்சி காய்ச்சி, கரண்டியையும் டம்ளரையும் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவார். ஜெபம் பண்ணினேன் என்று சொல்லமாட்டார். கவிதா ஏழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போவார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் தாலிச்செயினை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிறு வாங்கிவந்து தலையைக் குனிந்துகொண்டு நீட்டினார். மில் யூனியனில் வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வாய் கசக்கிறது.

முருகேசன் ஒருநாள் தோட்டத்திலிருந்து மொட்டாகப் பறித்து ஈரவாழைநாரில் கட்டி மல்லிகை கொண்டுவந்தான். நர்ஸ் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். பூவில் கிருமி இருக்கும், இந்த அறைக்குள் கூடாது. கொஞ்ச நாளில் வைக்கத் தலைமுடியும் இல்லை. கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்ததை நானே கூட்டி அள்ளினேன். பூவும் இல்லாமல் முடியும் இல்லாமல் ஒருநாள் வராந்தாவில் நடந்துபோனபோது, எதிரே வந்த ஒரு பெண் என் வீட்டுக்காரர் எப்போது தவறினார் என்று பரிவோடு கேட்டாள். அவர் எனக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தார்.

மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அரும்புகள் இல்லை. டாக்டரம்மா அன்றைக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னார். இன்னும் சில தடவை வந்து மருந்து ஏற்ற வேண்டும், பிறகு இரண்டு வருடம் மாத்திரை என்றார். நான் சரி சரி என்றேன். வீட்டுக்குப் போய்க் கவிதாவிடம் ட்ரெய்னிங் இல்லை, வியாதி என்று சொன்னேன். என் மொட்டைத்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, தெரியும்மா என்றாள். பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

முருகேசன் கல்யாணம் தையில்தான் நடந்தது. ஆவணிக்கு மாற்றவில்லை. மாற்றினால் கட்டமாட்டேன் என்று அவன் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சேலையைத் துவைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே பைக்குள் வைத்து எடுத்துவந்துவிட்டேன். ரத்தக்கறை லேசில் போகவில்லை. சாயமோ, நான் நினைத்தபடியே, வாளித் தண்ணீரெல்லாம் அரக்காக ஓடியது. இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று அலசினேன். ஒருவழியாக நின்றது. நிறம் வெளுத்தாலும் பார்க்க மோசமில்லை. கஞ்சி போட்டு நிழலில் காயப்போட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எதற்கு இது என்று மட்டும் கேட்டார். கல்யாணத்துக்குக் கட்ட என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து வைத்தார்.

நிலக்கோட்டையில் மண்டபம். எனக்கு அப்போது தலையில் பையன்கள் கிராப் அளவுக்கு முடி முளைத்திருந்தது. மணமேடையில் தாலியை மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான், மற்ற இரண்டை நாத்தனார் போட வேண்டும். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் மேடைக்குக் கீழேயே பெரியம்மா ஒரு சித்தி மகளைத் தயாராக நிறுத்தியிருந்தார். நோய்க்காரி, மொட்டைத்தலை, பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள், சாந்தி கீழே உட்கார்ந்து அட்சதை போடட்டும் என்று ஏற்பாடு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எப்போதுதான் கேட்டார்கள்?

கெட்டிமேளம் கேட்டதும் நான் எழுந்து மேடைக்குப் போனேன். பெரியம்மா குறுக்கே வந்தார். அப்போதுதான் சேலையைப் பார்த்தார். அரக்கு, வெள்ளைப்புள்ளி, பச்சைக் கரை. நிறம் சொல்லி எடுக்கச் சொன்னவர் அவர்தானே. முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. முருகேசன் தாலியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டி, இதப் போயி இன்னைக்குக் கட்டிட்டு வந்துருக்க," என்றார் பெரியம்மா, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எனக்குன்னு எடுத்த சேலதான பெரியம்மா," என்றேன் நான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் கட்டாம வேற யாரு கட்டுவா?"

அவர் நகர்ந்தார். முருகேசன் முனைகளை என் கையில் கொடுத்தான். இரண்டு முடிச்சையும் நான்தான் போட்டேன். அவிழாத மாதிரி இறுக்கிப் போட்டேன்.